எண்ணிக்கையில் வராதவள்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அம்மா போட்ட குண்டின் புகை இன்னும் அடங்கவில்லை.

"நான் அந்த நாட்டுக்குப் போறதா இல்ல" என்று அண்ணன் மூன்றாவது முறையாக முறுக்கிக்கொண்டதும், அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டாள். "சரி, நீ போக வேணாம். நாற்காலி ஓட்டம் தேறட்டும். தேறிடுச்சுன்னா சின்னவ கூட்டிட்டுப் போகட்டும்."

சின்னவளுக்குச் சோறு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நிற்காதா பின்னே? மாடியில் வீடு, கீழே சுற்றுலா அலுவலகம் என்று வாழும் இந்தக் குடும்பத்தில் பத்து வருடமாகப் பாதை போடுகிறவள் அவள்தான். எந்த ஊரில் எத்தனை மணிக்கு வெயில் ஏறும், எந்த ஓட்டலில் சுடுதண்ணீர் பேருக்குத்தான் வரும், எந்தக் கோயில் வாசலில் செருப்புத் தொலையும், எல்லாம் விரல்நுனியில். ஆனால் அவள் கடலைத் தாண்டியதில்லை. கூட்டிப் போகிறவன் அண்ணன். விமான நிலைய வாசலில் நின்று கையாட்டுகிறவள் சின்னவள். ஆசையாக எடுத்துவைத்த பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

இப்போது அந்த முத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சனிக்கிழமை காலை ஓட்டம். சாயங்காலம் பயணிகள் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் அவள் தலையெழுத்து.

நாற்காலி ஓட்டம் என்றால் என்ன என்று புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். புதுப் பாதை ஒன்றைப் பயணிகளிடம் விற்பதற்கு முன்னால், அலுவலகக் கூடத்தில் நாற்காலிகளை பஸ் மாதிரி இரண்டிரண்டாக, நடுவில் வழிவிட்டுப் போடுவார்கள். வீட்டு ஆட்கள் பயணிகளாக உட்கார வேண்டும். பாதை போட்டவள் முன்னால் நின்றுகொண்டு வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவாள். வளைவு என்றால் வளைகிற பக்கமாக எல்லாரும் சாய வேண்டும். பசித்தால், கால் மரத்தால், ஒதுங்க இடம் வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். பாதையில் ஓட்டை இருந்தால் இந்தக் கூடத்திலேயே தெரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தது அண்ணி. நான்கு வருடமாக அந்த வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத பெயருக்குச் சொந்தக்காரி. ஒரு சுற்றுலாவுக்கு உதவிக்கென்று அண்ணனோடு போனவள் திரும்பி வரவில்லை. "சண்டை. விமான நிலையத்துலேர்ந்து நேரா அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. தேட வேணாம்னு சொல்லிட்டா" என்று அண்ணன் சொன்னான். அம்மா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அலமாரியிலிருந்த கல்யாணப் படத்தை மட்டும் உள்ளே எடுத்துவைத்தாள். அண்ணி போனாள், அவள் போட்ட நாற்காலிகள் மட்டும் நின்றுவிட்டன.

*

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றாள் சின்னவள்.

"நான் ஜன்னல் ஓரம்தான் உக்காருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர். ஒவ்வொரு ஓட்டத்திலும் வம்பு பிடித்த பயணி வேடம் அவருக்குத்தான். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்து, உண்மையான பயணிகளே தோற்றுப்போகும் அளவுக்குப் படுத்துவார்.

அம்மா மூட்டு வலிப் பயணி. அதற்கு அவள் நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசி வரிசையில் அண்ணன். அந்த நாற்காலிக்குக் 'கேட்காத ஆள்' என்று பெயர். ஒவ்வொரு கூட்டத்திலும் எதையும் வாய்விட்டுக் கேட்காத ஒருவர் இருப்பார், அவர் கஷ்டத்தைக் கேட்காமலே கண்டுபிடிக்கிறவள்தான் கெட்டிக்காரி என்று அண்ணி வைத்த சட்டம் அது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு இந்த ஓட்டத்தில் இஷ்டமே இல்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"ஐந்தாம் நாள்" என்று சின்னவள் ஆரம்பித்தாள். முதல் நான்கு நாட்களும் ஏற்கெனவே தேறியிருந்தன. தலைநகரம், பழச்சந்தை, மலைமேல் ஏரி, மழைக்காடு. ஐந்தாம் நாள்தான் வில்லங்கம். மலையிலிருந்து கிழக்குக் கடற்கரைக்கு இறங்க வேண்டும். பெரிய சாலையில் சுற்றிக்கொண்டு போனால் முழுப் பகலும் பஸ்ஸிலேயே போய்விடும். அண்ணன் ஆறு தடவையும் அப்படித்தான் கூட்டிப் போனதாகச் சொல்லியிருந்தான். போனவர்கள் அந்த ஒரு நாளைத்தான் திட்டினார்கள்.

சின்னவள் வரைபடத்தை வாரக்கணக்கில் மேய்ந்து ஒரு குறுக்கு வழியைப் பிடித்திருந்தாள். ஒரு சின்ன ஆற்றங்கரை ஊர். அங்கே மத்தியானச் சாப்பாடு. பஸ்ஸையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகு. அக்கரையிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம்.

"அந்த ரோடு பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்ல. மேப்ல இருக்கும், நிஜத்துல இருக்காது" என்று அண்ணன் காலையிலேயே ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தான்.

"காலையில கிளம்பறோம். ரெண்டு பக்கமும் காடு. ஜன்னலைத் திறக்காதீங்க, ஈரம் உள்ள வரும்."

"அட்டை வருமா?" என்றார் தையல்காரர்.

"பஸ்ல அட்டை ஏறாதுண்ணே."

"ஏறினா?"

"அதுக்குத்தான் முழங்கால் வரைக்கும் காலுறை வாங்கியிருக்கேன். பதினேழு ஜோடி. பதினேழு பேருக்கும் ஆளுக்கொண்ணு. மழைக்கோட்டு பதினேழு, மிதவைச் சட்டை பதினேழு. படகுல ஒருத்தரும் சட்டையில்லாம நிக்கக்கூடாது."

"மழை வந்தா?"

"வந்தாவா? அங்க தினம் மத்தியானம் மழை வரும், அழைப்பிதழ் வெச்ச மாதிரி வந்து கொட்டிட்டு ஒரு மணி நேரத்துல போயிடும். அந்த நேரத்துலதான் சாப்பாட்டை வெச்சிருக்கேன். மழை பேயறப்போ நாம கூரைக்கடியில சாப்பிட்டுக்கிட்டு இருப்போம்."

தையல்காரர் கைதட்டிவிட்டார். அம்மாவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. தன்னை மறந்து சொல்லிக்கொண்டே போனாள் சின்னவள். பார்க்காத காட்டை இவ்வளவு நன்றாகச் சொல்ல முடிகிறதே, பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது.

"காடு முடியுது. மரப்பாலம். பஸ் மெதுவாப் போகும், கீழ ஓடை தெரியும். பாலம் தாண்டியாச்சு..."

அடுத்த வரியைச் சொல்வதற்காகக் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

அண்ணன் சாய்ந்துகொண்டிருந்தான்.

கண்கள் மூடியேதான் இருந்தன. உடம்பு மட்டும் வலது பக்கமாக நன்றாகச் சரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, நிமிர்ந்து, இறக்கத்தில் போகிறவன் மாதிரி இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

சின்னவள் இன்னும் வளைவு என்றே சொல்லவில்லை.

வரைபடத்தைத் திரும்பப் பார்த்தாள். பாலத்துக்கு அடுத்து ஒரு பாறை. அதைச் சுற்றி வலது பக்கமாகக் கொண்டை ஊசி வளைவு. வளைவு முடிந்ததும் ஆற்றை நோக்கி இறக்கம்.

"என்னம்மா, பஸ் நின்னுடுச்சா?" என்றார் தையல்காரர்.

"வளைவு" என்றாள் சின்னவள். "வலது பக்கம்."

எல்லாரும் சாய்ந்தார்கள். அண்ணன் கண்ணைத் திறந்து, ஒரு நொடி தாமதித்து, மற்றவர்களோடு சேர்ந்து இன்னொரு முறை சாய்ந்தான்.

*

ஓட்டம் முடிந்தது. தையல்காரர் ஒரே ஒரு ஓட்டைதான் கண்டுபிடித்தார், கடற்கரை ஓட்டலில் மாடி அறை வேண்டாமாம். அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்து, "எனக்கு வலிக்கல. பெரியவனே, நீ என்ன சொல்ற?" என்றாள்.

"சாயங்காலம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் மாடிப்படி ஏறிவிட்டான்.

சின்னவள் சும்மா இருப்பாளா? பின்னாலேயே ஏறினாள். மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஈரமான படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் அண்ணன் தெருவைப் பார்த்து நின்றிருந்தான்.

"ஏண்ணா சாஞ்ச?"

"எங்க?"

"பாலம் தாண்டினதும். நான் சொல்றதுக்கு முன்னாடி."

"தூங்கிட்டேன்."

"தூங்கறவன் தலை தொங்கும். நீ காலை ஊனி இறக்கத்துல இறங்கின. காலையிலதான அந்த ரோட்டுக்கே போனதில்லன்னு என் காதுல பூ சுத்தின?"

அவன் ஒரு துணிக்கவ்வியை எடுத்து விரலில் மாட்டினான், கழற்றினான். அண்ணன் பொய் சொல்லத் தெரிந்தவன்தான். விமானம் தாமதமானால் இருபது பேரைச் சிரிக்கவைத்தே இரண்டு மணி நேரம் ஓட்டிவிடுவான். தங்கையிடம் மட்டும் அந்த வித்தை என்றைக்கும் பலித்ததில்லை.

"போயிருக்கேன். ஒரு தடவை."

"எப்போ?"

"கடைசித் தடவை."

கடைசித் தடவை என்றால் அண்ணி கூடப் போன தடவை.

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. படித்துறை. வழுக்கும்." குரல் உடைந்து, "சாப்பாடு நல்லா இருக்கும்" என்றான்.

"அப்புறம் என்ன பிரச்சினை?"

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்ததும் கோபப்படலாம் என்று வந்தவளுக்குப் பாவமாக இருந்தது. "இங்க பாரு. உனக்குப் போகணும்னு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். பழைய ரோட்டையே போடு. நான் இப்பவே கீழ வந்து, சின்னவ போகட்டும்னு அம்மாகிட்ட சொல்லிடறேன். அந்த ஊர் மட்டும் வேணாம்."

"இல்லேன்னா?"

"ஓட்டம் தேறலன்னு சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான். துணிக்கவ்வி அவன் விரலிலேயே இருந்தது.

சின்னவள் கொடியருகே நின்றாள். ஒரு வார்த்தை போதும். சரி என்று சொன்னால் அடுத்த மாதம் விமானத்தில் இருப்பாள். கடலை மேலே இருந்து பார்ப்பாள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழும். ஒரே ஒரு பகல் நீளமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மூட்டு வலிக்காரர்கள் கொஞ்சம் முனகுவார்கள், அவ்வளவுதானே.

இப்படியெல்லாம் அவள் மனசு பேரம் பேசியது உண்மைதான். ஆனால் அந்த மனசின் இன்னொரு மூலையில் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. சாப்பாடு நல்லா இருக்கும் என்று சொல்லும்போது அவன் குரல் ஏன் அப்படி உடைந்தது?

*

மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம். அண்ணன் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சின்னவள் அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த ஆற்றங்கரை ஊரில் கூட்டமாகப் போனால் சாப்பிட ஒரே ஒரு இடம்தான். படித்துறைக்கு மேலே, மரக்கால்களில் நிற்கும் ஒரு வீடு. யாரோ வழிப்போக்கர் எடுத்துப்போட்ட ஒரு படமும் ஒரு தொலைபேசி எண்ணும் இணையத்தில் இருந்தன. பாதை போடும்போதே பார்த்த படம்தான். அப்போது ஒரு விஷயம் வேடிக்கையாகப் பட்டது. சாப்பாட்டு இடம் என்றால் மேஜையைச் சுற்றி நாற்காலி போடுவார்கள். இங்கே ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்தில் நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. இரண்டிரண்டாக. நடுவில் வழி விட்டு.

இன்றைக்கு அது வேடிக்கையாக இல்லை. கதவிடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். காலையில் போட்ட நாற்காலிகள் இன்னும் எடுக்கப்படாமல் அப்படியே கிடந்தன. இரண்டிரண்டாக. நடுவில் வழி விட்டு.

எண்களை அழுத்தினாள். முதல் தடவை தப்பான எண் போய்விட்டது.

இரண்டாவது தடவை மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. கடைசியில் ஒரு பெண் குரல், அந்த நாட்டு மொழியில் ஏதோ சொன்னது. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம், தகரக் கூரையில் மழை. தினம் மத்தியானம் வரும் மழை!

சின்னவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கம்பெனி பெயரைச் சொல்லாமல், ஒரு சுற்றுலாக் கூட்டம் வருவதாகச் சொன்னாள். அடுத்த மாதம், மத்தியானச் சாப்பாடு, பதினேழு பேர்.

குரலும் ஆங்கிலத்துக்கு மாறியது. வயதானவர்கள் எத்தனை பேர் என்று கேட்டது. படி இறங்க முடியாதவர்கள் உண்டா என்று கேட்டது. வழக்கமான கேள்விகள். சின்னவளுக்கு உற்சாகம் வடியத் தொடங்கியது. நாற்காலி எப்படிக் கிடந்தால் என்ன, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இரண்டிரண்டாகப் போடலாம்.

அப்போது அந்தக் குரல் இன்னொன்று கேட்டது. "உங்கள் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்காதவர்கள் எத்தனை பேர்?"

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய மனுஷி உலகத்திலேயே ஒருத்திதான்.

"அண்ணி" என்றாள். ஆங்கிலமும் மறந்துபோயிற்று, வந்த காரியமும் மறந்துபோயிற்று. "அண்ணி, நான்தான்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"மேப்பு?"

அந்தப் பெயரை நான்கு வருடமாக யாரும் கூப்பிடவில்லை. எந்நேரமும் வரைபடத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவளுக்கு அண்ணி வைத்த செல்லப்பெயர். சின்னவள் அழுதுவிட்டாள். அழுதது தெரியக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தெரியாமலா இருக்கும்?

"அழாதடி. உன் அண்ணன் சொல்லி ஃபோன் பண்றியா?"

"இல்ல. அவனுக்குத் தெரியாது. அண்ணி, நீங்க உங்க அக்கா வீட்ல இல்லியா? இத்தனை நாளா அங்கதானா? அண்ணன் உங்ககிட்ட என்ன சண்டை போட்டான்?"

"சண்டையா?" அண்ணி சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "சண்டை போட்டிருந்தா ஒரு வாரத்துல சரியாகியிருக்கும். என்னை விட்டுட்டுப் போயிட்டார்டி."

"விட்டுட்டா?"

"சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் படகுல ஏறினாங்க. ஒருத்தர் கண்ணாடியை மறந்துட்டார். எடுத்துட்டு வரேன்னு நான் மேல ஏறினேன். உன் அண்ணன் கீழ தலையை எண்ணினார். கணக்கு சரியா வந்துச்சு. படகு கிளம்பிடுச்சு. நான் கண்ணாடியும் கையுமா படித்துறையில நிக்கறேன், அவர் நடு ஆத்துல மைக்கைப் பிடிச்சுக் கதை சொல்லிட்டுப் போறார்."

சின்னவளுக்கு உடனே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் காது இரண்டும் சூடாயின. அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம். வந்தவர்களை மட்டும் எண்ணு, நம் ஆட்களை எண்ணாதே, கணக்குக் குழம்பும், நம் ஆட்கள் எங்கே போய்விடப் போகிறார்கள். அந்த வீட்டில் நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கும் இது தெரியும்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அன்னிக்கு அதுதான் கடைசிப் படகு. ஃபோன், பை எல்லாம் பஸ்ல. ராத்திரி ஓட்டல்ல எல்லாருக்கும் சாவி குடுத்து முடிச்சு, தன் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தப்பதான் அவருக்கு நான் இல்லங்கறதே தெரிஞ்சிருக்கு. மறுநாள் ஓடி வந்தார். கால்ல விழாத குறை. அதுக்குள்ள நான் ராத்திரி முழுக்க இந்தத் தாழ்வாரத்துல உக்காந்து யோசிச்சுட்டேன். கோபத்துல இல்லடி. சத்தியமா நிதானமாத்தான் யோசிச்சேன். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என்னை யாராவது ஒரு தடவை எண்ணியிருக்கீங்களா?"

அண்ணி கண்டுபிடித்த ஓட்டத்தைக் 'கம்பெனி ஓட்டம்' என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தானும் அப்படித்தான் சொன்னது நினைவுக்கு வந்து சின்னவளைக் குத்தியது.

"நான் திரும்பி வரலைன்னு சொன்னேன். வீட்ல என்ன சொல்லணுமோ சொல்லிக்கோங்கன்னேன். இந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒத்தாசையா இருந்தேன். போன வருஷம் அவங்க மகன்கிட்டப் போனாங்க, இடத்தை என்கிட்ட விட்டுட்டாங்க. சரி, அதை விடு. இந்தக் கூட்டத்தை யார் கூட்டிட்டு வர்றா? அவரா?"

"நான்."

"நீயா?" குரல் சட்டென்று பழைய அண்ணி ஆகிவிட்டது. "மேப்பு, நீயா வர்ற? கடலைத் தாண்டியா?"

"அண்ணன் சரின்னு சொன்னா. சாயங்காலம் தெரியும்."

"சொல்லட்டும் சொல்லட்டும். எத்தனை பேருன்னு சொன்ன?"

"பதினேழு."

"உன்னையும் சேர்த்தா?"

சின்னவளின் கண்முன்னால் எல்லாம் வரிசையாக ஓடியது. பதினேழு ஜோடி காலுறை. பதினேழு மழைக்கோட்டு. பதினேழு பேருக்கு அறை. பதினேழு மிதவைச் சட்டை, ஒருத்தரும் சட்டையில்லாமல் நிற்கக்கூடாது என்று நீட்டி முழக்கினாளே, அந்தப் படகில் அவள் எதைப் போட்டுக்கொண்டு நிற்பாள்? எங்கே படுப்பாள்? என்ன சாப்பிடுவாள்? மாதக்கணக்காகப் போகணும் போகணும் என்று துடித்தவள், போகிறவர்கள் கணக்கில் தன்னைச் சேர்க்கவே இல்லை.

"பாத்தியா?" என்றாள் அண்ணி. திட்டவில்லை. அதுதான் சின்னவளால் தாங்க முடியாமல் இருந்தது. "நான் பதினெட்டு பேருக்குச் சமைக்கறேன். வீட்ல எதுவும் சொல்லாத. முதல்ல நீ வா. மத்ததை வந்து பேசிக்கலாம்."

*

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பல் டாக்டரும் அவர் மனைவியும், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எங்கே போனாலும் சேர்ந்தே போகும் மூன்று சம்பந்தியம்மாக்கள் என்று பதினேழு பேரும் பதினேழு நாற்காலிகளில். தையல்காரர் அழைக்காமலே வந்து கதவில் சாய்ந்துகொண்டார். அம்மா கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவரில் அப்பா எழுதிவைத்த பலகை. 'கூட்டிப்போன அத்தனை பேரையும் கூட்டி வருவோம்.' அண்ணன் அதற்கு நேர் கீழே நின்றான். நான்கு வருடமாக அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டியே அவன் நிற்பது ஏன் என்று இன்றைக்குத்தான் சின்னவளுக்கு விளங்கியது.

"என்ன முடிவு பண்ணின?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டான். "பழைய ரோடுதானே?"

சின்னவள் உள்ளே போய்ச் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்வரிசைக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இன்னும் யாரும்மா வரணும்?" என்றார் கணக்கு வாத்தியார். "எல்லாரும் வந்தாச்சே, நான் எண்ணிட்டேன்."

"தப்பா எண்ணிட்டீங்க சார்" என்று சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் அவள் பயணிகளோடு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "பதினேழு இல்ல. என்னையும் சேர்த்துப் பதினெட்டு."

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. இந்த எண்ணிக்கைப் பேச்சை அவன் முன்பே அண்ணியின் வாயால் கேட்டிருக்கிறான். தங்கையைப் பார்த்தான். அழுது சிவந்திருந்த அவள் கண்ணைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

சொல்லப்போகிறான், ஓட்டம் தேறவில்லை என்று சொல்லப்போகிறான் என்று சின்னவள் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் மூலையிலிருந்த மஞ்சள் குடையை எடுத்தான். எந்தக் கூட்டத்திலும் பயணிகள் தொலையாமல் இருக்க அவன் உயர்த்திப் பிடிக்கும் குடை. அதைக் கொண்டுவந்து தங்கையின் மடியில் வைத்தான்.

"ஆத்து வழியாத்தான் போறீங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "பாலம் தாண்டினதும் வலது பக்கம் ஒரு வளைவு வரும், கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. என் தங்கச்சி கூட்டிட்டுப் போவா." பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "படித்துறையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எண்ணு" என்றான்.

சம்பந்தியம்மாக்கள் கைதட்டினார்கள். தையல்காரர் விசில் அடித்தார். அட்டை கடிக்குமா, கொசு உண்டா, கடலில் குளிக்கலாமா என்று நாலா பக்கமிருந்தும் கேள்விகள் பறந்தன. சின்னவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. போகப்போகிறாள். நிஜமாகவே போகப்போகிறாள். குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா தண்ணீர்த் தட்டோடு ஒவ்வொருவராகக் கடந்து வந்தாள். கடைசித் தம்ளரைச் சின்னவளிடம் நீட்டினாள். பார்வை முழுக்கக் கூட்டத்தின் மேல்தான் இருந்தது, உபசரிப்புச் சிரிப்பும் மாறவில்லை.

"காலையில அவன் சாஞ்சதை நானும் பார்த்தேன். மத்தியானம் நீ ஃபோன்ல அண்ணின்னு அழுததும் கேட்டுச்சு" என்றாள், உதடு அசையாமல்.

சின்னவள் தம்ளரை வாங்க மறந்தாள்.

அம்மா நீட்டிய தம்ளரிலிருந்து தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

"நல்லா இருக்காளா?"